பத்து வாட்டில் பேசியவனுக்கு

இன்று காலை ஒரு தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து போகிறதாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பிராசசரின் மேல் இருக்கும் விசிறியே தெரியவில்லை. கரிசல் தூசி கம்பளி மாதிரி அதைப் போர்த்திக் கிடந்தது. புளோயரை வைத்து ஊதியதும் அந்த வாசனை எழுந்தது. சூட்டில் வெந்த மண்ணும் காய்ந்துபோன பசையும் கலந்த வாசனை. உனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பதினான்கு வருஷம் இந்தக் கடையில் நாம் இரண்டு பேரும் அதைச் சுவாசித்துத்தான் பிழைத்தோம்.

ஊதுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். நீ செய்யாதே என்று சொன்ன காரியம். அதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் எங்கிருந்து ஆரம்பிக்க? அந்தச் சின்னப் பெட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நீ அதை முதன்முதலாகக் கடைக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவு இருந்தது. உள்ளே விசிறி கிடையாது. சத்தம் கிடையாது. "இதுல உள்ள பிராசசரு பத்து வாட்டுக்குள்ளதாம்லே குடிக்கும். நம்ம டெஸ்க்டாப்புல பிராசசரு மட்டுமே அறுபத்தஞ்சு" என்றாய். நான் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல கம்ப்யூட்டர் இருக்கா, தயிர்ச்சாதம் இருக்கா?" என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்தது. "பேசாத. ஓட்டிப் பாப்போம்" என்று பக்கத்தில் ஒரு பழைய நாலு கோர் டெஸ்க்டாப்பை இழுத்து வைத்தாய்.

நியாயமாகத்தான் வைத்தாய் பந்தயத்தை. இரண்டுக்கும் ஒரே அளவு மெமரி, ஒரே மாதிரி எஸ்எஸ்டி டிஸ்க். "கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு வாரவங்கள்ல பாதிப் பேருக்கு பிராசசர் மேல தப்பே இல்ல, பழைய ஹார்டு டிஸ்க் மேலதான் தப்பு. அத மாத்தாம ஒப்பிட்டா அது ஒப்பீடே இல்ல" என்றாய். பிறகு பட்டா எடுக்கிற பக்கத்தைத் திறந்தோம். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தன. நாற்பது பக்கத் தமிழ் ஆவணம் ஒன்றைத் திறந்தோம். டெஸ்க்டாப் ஒரு கண்ணிமைப்பு முந்தியது. வீடியோ ஓடவிட்டோம். டெஸ்க்டாப்பின் விசிறி லாரி மேடு ஏறுகிற மாதிரி அலறியது; சின்னப் பெட்டி சும்மா இருந்தது. வீடியோவைப் பிரிக்கிற வேலைக்கு அந்தப் பிராசசருக்குள்ளேயே தனி இடம் இருக்கிறது, பழசில் அது இல்லை என்று காட்டினாய். கடைசியில் நான் பத்துப் பதினைந்து வேலைகளை ஒரே சமயத்தில் திறந்துவிட்டேன். சின்னப் பெட்டி சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. "பாத்தியா, திணறுது" என்று கை தட்டினேன்.

"நம்ம ஊர்ல யாருலே ஒரே நேரத்துல பத்து வேலை பாக்கா?" என்றாய். "பட்டா எடுப்பான், பாட்டு கேப்பான், பிள்ளைக்கு ரிசல்ட்டு பாப்பான். அவ்வளவுதான். கரண்டு போனா ஒன் இரும்புப் பெட்டி என்ன செய்யும்? அதச் சொல்லு."

"யூபிஎஸ் இருக்குல்லா."

"யூபிஎஸ்ஸு வேலைய சேவ் பண்ணிட்டு அணைக்கதுக்கு. வேலை பாக்கதுக்கு இல்ல."

அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறமும் ஒத்துக்கொள்ளவில்லை. டைப்பிங் சென்டர்களுக்கு நீ சின்னப் பெட்டி வாங்கச் சொல்வாய். அவர்கள் என்னிடம் வந்து கேட்டால் நான் பழைய டெஸ்க்டாப்பைத் துடைத்துக் கொடுப்பேன். எதை வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம், ராம் போனால் ராம், போர்டு போனால் போர்டு. உன் டப்பாவில் ஒன்று போனால் மொத்தமும் குப்பை என்பேன். அதில் உண்மை இருந்தது. உனக்கும் அது தெரியும். நமக்குள் அது ஒரு விளையாட்டு மாதிரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு உன் கையிலிருந்து ஸ்குரூ டிரைவர் நழுவ ஆரம்பித்தது.

முதலில் நாம் சிரித்தோம். சின்ன ஸ்குரூவைப் பிடிக்க முடியவில்லை, வயசாகிறது என்றாய். நாற்பத்து மூன்று வயசு. ஆறு மாதத்தில் வலது கை தூக்க வரவில்லை. பேச்சு குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறாயா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். திருநெல்வேலியில் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். நரம்பு தசைக்குச் சொல்லி அனுப்புகிற கட்டளை ஒவ்வொரு இடமாக நின்றுபோகும், அறிவுக்கு ஒன்றும் ஆகாது என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, குழறிய வார்த்தையில், "பிராசசர் நல்லா இருக்கு. வயர்தான் போச்சு" என்றாய். கூட வந்திருந்த உன் மனைவி, எனக்கு மதினி, முகத்தை மூடிக்கொண்டார். நானும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்தில் எட்டயபுரம் ரோட்டில் உன் வீட்டு முன்னறைக் கட்டில் வரை வந்தாயிற்று. பேச்சு முழுக்க நின்றது. உடம்பில் உன் சொல்லைக் கேட்டது இடது கால் பெருவிரல் ஒன்றுதான். பழைய மவுஸ் ஒன்றின் பட்டனைக் கழற்றி, அந்த விரலுக்கு அடியில் கட்டினேன். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக மினுங்கிப் போகும். வேண்டிய எழுத்து வரும்போது விரலை அழுத்துவாய். எழுதி முடித்ததும் கம்ப்யூட்டர் அதை வாசிக்கும். செய்தி வாசிக்கிற ஆள் மாதிரி ஒரு குரல். நீ நம்ம ஊர்ப் பேச்சில் எழுதியதை அது தடுக்கி விழுந்து விழுந்து வாசிக்கும். மதினிக்குச் சிரிப்பு வரும். இன்னொன்றும் வைத்திருந்தேன்: விரலைத் தொடர்ந்து மூன்று முறை அழுத்தினால் மதினியின் போனில் மணி அடிக்கும். இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடியில் அவருக்கு வேலை. மணி அடித்தால் ஐந்து நிமிஷத்தில் ஓடி வந்துவிடுவார். சளி அடைத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும், அதுதான் பயம்.

இதையெல்லாம் எதில் ஓட்டினேன்? என் நாலு கோர் டெஸ்க்டாப்பில். பெருமையோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, சின்னப் பெட்டி ஒன்று ஆர்டர் போட்டிருப்பதாக எழுதிக் காட்டினாய். கடை விலாசத்துக்கு வரும், வந்ததும் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடு என்றாய். ஏன் என்று கேட்டேன். "கரண்டு" என்று ஒரே வார்த்தை எழுதினாய்.

பெட்டி வந்தது. கடையிலேயே பிரித்து ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக ஓடியது, குரலைத் தவிர. டெஸ்க்டாப்பில் எழுதி முடித்த உடனே பேசும். இதில் ஒன்றரை விநாடி, இரண்டு விநாடி மௌனமாக நின்றுவிட்டுப் பிறகு பேசியது. இருக்கிற ஒரே குரலும் தாமதமாக வர வேண்டுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியை மூடி அலமாரியில் வைத்தேன். அடுத்த முறை நான் உன் வீட்டுக்கு வந்தபோது நீ கேட்டாய். "இன்னும் வரல" என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

உன் குரலுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பந்தயத்தில் நீ ஜெயித்துவிடுவாய் என்பதும் அதில் இருந்தது. கட்டிலில் கிடக்கிற ஆளோடு எனக்கு என்ன பந்தயம்? ஆனால் இருந்தது.

மூன்றாவது வாரம் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்டு கிடையாது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மதினி போன் பண்ணிக் கேட்டார். "இன்வெர்ட்டர் இருக்குல்லா மதினி. மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள நீங்க வந்துருவீங்க" என்றேன். பேட்டரியை அளந்து பார்க்கவில்லை. அது பழைய பேட்டரி. சித்திரை வெயிலில் உனக்கு மேலே ஒரு விசிறி வேறு ஓட வேண்டும். டெஸ்க்டாப்பும் திரையும் சேர்ந்து அந்த விசிறியைப் போல இரண்டு மடங்கு இழுத்தன. இந்தக் கணக்கைப் போட எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஊருக்கெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பவன்தானே நான்.

பத்தரைக்கு எல்லாம் அணைந்தது.

வழக்கமாக மதினி மணிக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அன்று அங்கன்வாடியைப் பார்வையிட அதிகாரி வந்திருந்ததால் நகர முடியவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். மணி அடிக்கவில்லை, ஆகவே நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு வீட்டுக்குள் வந்தபோது உன் உதடு நீலமாக இருந்தது. கால் விரல் மட்டும் அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்ததாம்.

ஆம்புலன்ஸ் வந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள் தீவிர சிகிச்சை. உயிர் தப்பியது. ஆனால் அதுவரை கஞ்சியாவது விழுங்கிக்கொண்டிருந்தாய். அதன் பிறகு குழாய்தான். நுரையீரல் முன்னே மாதிரி இல்லை.

நீ வீட்டுக்கு வந்த அன்று சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினேன். "இன்னைக்குத்தாம்லே வந்துச்சு" என்றேன். நீ என் முகத்தையே பார்த்தாய். கண்ணை எடுக்கவில்லை. நான் குனிந்து வயரைச் செருகுகிற மாதிரி இருந்துகொண்டேன். அந்தப் பெட்டி, சின்னத் திரை, இன்டர்நெட் பெட்டி மூன்றையும் தனி பேட்டரி ஒன்றில் இணைத்தேன். அடுத்த பராமரிப்பு நாளில் காலையிலிருந்து கரண்டு வரும் வரை அது நிற்கவே இல்லை. நீ சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது.

ஏழு மாதம் அதில் பேசினாய். விரலை அழுத்துவாய், அழுத்துவாய். பிறகு அந்த இரண்டு விநாடி. பிறகு குரல். ஆடிக் காற்றில் வீடு முழுக்க மண் அடித்த போதும், விசிறி இல்லாத அந்தப் பெட்டி அதை உள்ளே வாங்கவில்லை. மதினியிடம் குழம்புக்கு உப்பு பார்த்தாயா என்று கேட்பாய். நீ சாப்பிடப் போவதில்லை, ஆனாலும் கேட்பாய்.

பிறகு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. திருநெல்வேலி டாக்டர் உன் படுக்கைக்கே வந்து நிதானமாக விளக்கினார். தொண்டையில் துளை போட்டு மூச்சுவிடும் இயந்திரத்தில் இணைக்கலாம், அப்படிச் செய்தால் வருஷக்கணக்கில்கூட இருக்கலாம். ஆனால் அதிலிருந்து திரும்ப வர முடியாது, விரலும் சீக்கிரம் நின்றுவிடும். செய்யாவிட்டால் சில வாரங்கள். மூச்சுத் திணறலின் கஷ்டம் தெரியாமல் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் அண்ணன், "போடுங்க டாக்டர், போட்டுருங்க" என்றார்.

டாக்டர் உன் பக்கம் குனிந்தார். உன்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார்.

விரல் அசைந்தது. நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்தோம். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. முடிந்தது. பிறகு அந்த இரண்டு விநாடி.

"வேண்டாம். போதும்" என்றது குரல்.

உன் அண்ணாச்சி கத்தினார். "அவனா சொல்லுதான்? மிசின்லா சொல்லுது! கால் வெரலு தெரியாமப் பட்டு என்னத்தையாவது எழுதியிருக்கும்." என் பக்கம் திரும்பினார். "சங்கரு, நீ செஞ்ச மிசின்தான இது. தப்பா வரும்லா? டாக்டர்ட்ட சொல்லுலே. தப்பா வரும்னு சொல்லு."

டாக்டர் என்னைப் பார்த்தார். மதினியும் பார்த்தார். உன்னால் என் பக்கம் தலையைத் திருப்ப முடியாது. உன் கண் கூரையிலேயே இருந்தது.

ஒரு வார்த்தை போதும். தப்பாக வரலாம், நிச்சயமில்லை என்று நான் சொல்லியிருந்தால் அண்ணாச்சி சண்டை போட்டிருப்பார், நாள் தள்ளிப்போயிருக்கும், விரல் நின்றிருக்கும், உன்னைக் கேட்காமலே இயந்திரத்தில் போட்டிருப்பார்கள். நீ இன்றைக்கு இருந்திருக்கலாம். அந்த ஆசை எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி ஏற்கனவே ஒரு பொய் சொல்லியாயிற்று.

"தப்பா வராது அண்ணாச்சி. மெதுவாத்தான் வரும்" என்றேன்.

டாக்டர் மறுபடியும் ஒரு முறை உன்னைக் கேட்டார். அதே பதில் மறுபடியும் வந்தது. அண்ணாச்சி துண்டை உதறிவிட்டு வெளியே போனார். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தியவர்தான். இன்று வரை பேசவில்லை.

மற்றவர்கள் வெளியே போனபின் நீ எழுத ஆரம்பித்தாய். வெகுநேரம் எழுதினாய். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன்.

"பார்சல் கடைக்கு வந்த அன்னைக்கே எனக்கு மெயில் வந்துட்டு."

ஏழு மாதம். ஒரு நாள்கூட நீ காட்டிக்கொள்ளவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் விரல் மறுபடியும் அசைந்தது. உட்கார்ந்து காத்திருந்தேன்.

"ரெண்டையும் ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

"எது வேகம்?"

"பழசுதாம்லே. குரல் ஒடனே வந்துச்சு" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் கண்ணில் பழைய கடைச் சிரிப்பு ஒன்று வந்து போனது. பிறகு கடைசியாக எழுதினாய். "ஒன் மதினிகிட்ட சொல்லாத. அவளுக்கு ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஒன்ன விட்டா ஆளில்ல. சொன்னா ஒன்ன வீட்டுக்குள்ள விடமாட்டா."

சரி என்று தலையாட்டினேன். மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அப்போது வரவே இல்லை. பத்தொன்பது நாள் கழித்து ஒரு சாயங்காலம் நீ போய்விட்டாய். டாக்டர் வாக்குக் கொடுத்தபடி, கஷ்டமில்லாமல்.

நீ சொன்னதைக் காப்பாற்றினேன். மாதம் ஒரு தடவை உன் வீட்டுக்குப் போவேன். கேஸ் சிலிண்டர் மாற்ற, உன் மகளுக்குக் காலேஜ் விண்ணப்பம் போட, போரிங் மோட்டாரைப் பார்க்க. மதினி டீ போட்டுத் தருவார். "நீங்க இல்லைன்னா நாங்க என்ன ஆகியிருப்போம் தம்பி" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடிப்பேன். கஷ்டமாக இருந்தது. ஆனால் தாங்கக்கூடிய கஷ்டம்.

போன வாரம் போனபோது மதினி மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். பேச்சு எங்கேயோ போய் அந்தப் பராமரிப்பு நாளுக்கு வந்தது. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னைக்கு அந்த ஆபீசரம்மா இருந்தா என்ன, ஒரு நிமிசம் கேட்டுட்டு வந்து எட்டிப் பாத்திருக்கணும் தம்பி. வேலை போயிரும்னு பயந்தேன். எம் பயத்துலதான் அவியளுக்கு மூச்சு போச்சு. தினமும் நெனச்சுக்கிடுதேன். சாமிகிட்டகூட கேக்கப் பயமா இருக்கு."

ஒன்றரை வருஷமாக, அதற்கு முன்னால் ஏழு மாதமாக, அவர் அதைச் சுமந்திருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டாய்.

சொல்லிவிட்டேன். பார்சல் வந்த தேதி, அலமாரி, இன்னும் வரல என்று இரண்டு தடவை சொன்னது, பேட்டரியை அளக்காதது, எல்லாவற்றையும். "அந்தப் பெட்டிய அன்னைக்கே மாட்டியிருந்தா ஒங்க போன்ல மணி அடிச்சிருக்கும் மதினி. நீங்க வந்திருப்பீங்க. ஒங்க மேல ஒரு தப்பும் கெடையாது" என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. மிளகாயைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவியளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல?"

"நீங்க என்ன வீட்டுக்குள்ள விடமாட்டீங்கன்னு சொல்ல வேண்டாம்னான்."

மதினி எழுந்து உள்ளே போனார். அழுகிற சத்தம் கேட்டது. என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. நான் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து உன் மகள் போன் பண்ணினாள். அம்மா ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்குகிறாள், நீங்கள் இப்போதைக்கு வர வேண்டாம் மாமா என்றாள். சரிம்மா என்றேன்.

நீ சொன்னதை மீறிவிட்டேன். அவசரத்துக்கு உன் வீட்டில் இப்போது ஆள் இல்லை, அது என்னால்தான். அதற்கும் சேர்த்து, அன்று கேட்காததற்கும் சேர்த்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கும்போது கேட்பது எனக்குச் சௌகரியம் என்பதும் தெரிந்தே கேட்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்த நாளின் பழியை இவ்வளவு காலம் மதினி தூக்கிக்கொண்டு திரிந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்க மாட்டேன். அது என்னுடையது.